குழந்தை பெரிதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களா? டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 3.6 கிலோ, 4 கிலோ என்று ஓர் எண்ணைப் பார்த்ததும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "சிசேரியனா, சுகப்பிரசவமா?" உண்மையில் அது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் தேதி சரியா, தாய்க்குச் சர்க்கரை உண்டா, அந்த எடையை எவ்வளவு தூரம் நம்பலாம், பிரசவம் எந்த இடத்தில் என்ற நான்கையும் இந்த வரிசையிலேயே தீர்த்தாக வேண்டும். வரிசை மாறினால் தேவையில்லாத அறுவையும் நடக்கும், தேவையான சிகிச்சையும் தவறிப்போகும்.

பொதுவாக 4 கிலோவைத் தாண்டினால் பெரிய குழந்தை என்கிறார்கள். 4.5 கிலோவுக்கு மேல்தான் கவலைக்குரியது என்று எண்ணும் மருத்துவர்களும் உண்டு. அந்த வாரத்துக்குரிய எடை வரைபடத்தில் 90 விழுக்காட்டுக் கோட்டுக்கு (நூறு குழந்தைகளில் தொண்ணூறு இதற்குக் கீழே வரும்) மேலே இருப்பது இன்னொரு அளவுகோல். நம் பெண்களுக்கு இந்த வரைபட அளவுகோல்தான் முக்கியம். இந்திய வம்சாவளித் தாய்மாரின் குழந்தைகள் சராசரியில் சற்றுச் சிறியவை. ஐந்தடி உயரமுள்ள, சர்க்கரை உள்ள ஒரு தாய்க்கு 3.7 கிலோவே பெரிய குழந்தையாக இருக்கலாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

கிளினிக்கில் கொடுக்கும் மகப்பேறுப் பதிவேடு, அதாவது 'மெட்டர்னிட்டி கேஸ் ரெக்கார்ட்', எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்குப் போய் நின்றால் சிஸ்டர் நம்பக்கூடிய ஒரே சாட்சி அதுதான். தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்கள் ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்கி ஒரே உறையில் வையுங்கள்.

கூடவே நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: கடைசி மாதவிலக்கின் முதல் நாள், கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையும் உயரமும், முந்தைய குழந்தைகளின் பிறப்பு எடை, அம்மா அப்பா உடன்பிறந்தோர் யாருக்காவது சர்க்கரை உண்டா என்பது. பிறப்பு எடையை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். முந்தைய குழந்தையின் 'ரோடு டு ஹெல்த்' என்ற உடல்நலப் பதிவுப் புத்தகத்தில் அது எழுதியிருக்கும். ஆயா (பாட்டி) "நாலு கிலோ இருந்தான்" என்று சொன்ன குழந்தை புத்தகத்தில் 3.3 ஆக இருப்பதும் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. முந்தைய குழந்தை பெரிதாகப் பிறந்திருந்தால் இதுவும் அப்படி ஆகும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த எண் சரியாக இருக்க வேண்டும்.

2. முதலில் தேதியைச் சரிபாருங்கள்

"குழந்தை வாரத்துக்கு மீறி வளர்ந்திருக்கிறது" என்று சொல்லப்படும் பலரிடம் குழந்தை சரியாகத்தான் இருக்கும். வாரக் கணக்குத்தான் தப்பு. 34 வாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கர்ப்பம் உண்மையில் 37 வாரமாக இருந்தால், எந்தக் குழந்தையும் பெரிதாகத்தான் தெரியும்.

கடைசி மாதவிலக்கை வைத்துப் போடும் கணக்கு, 28 நாளுக்கொரு முறை ஒழுங்காக மாதவிலக்கு வருபவருக்குத்தான் பொருந்தும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கரு ஒரு வாரம் தள்ளித்தான் உருவாகிறது. கருத்தடை மாத்திரையோ ஊசியோ நிறுத்திய கையோடு கருத்தரித்தவருக்கும் கணக்கு பிசகும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கருத்தரித்தவர்களுக்கு மாதவிலக்குத் தேதியே இருக்காது.

இதைத் தீர்ப்பது முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன். அதன் பிழை ஒரு வாரத்துக்குள்தான். 24 வாரத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனை வைத்துத் தேதியை மாற்றக் கூடாது. அந்தக் கட்டத்தில் ஒரே வாரத்துக் குழந்தைகளே வெவ்வேறு அளவில் இருக்கும், பிழை இரண்டு மூன்று வாரம்வரை போகும். ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஒரு புதுப் பிரசவத் தேதியை அச்சிட்டுத் தரும். அதைப் பார்த்து "தேதி முன்னாடி வந்துடுச்சு" என்று குடும்பமே பேசுவது மிகச் சாதாரணமான தவறு. முதல் ஸ்கேன் கொடுத்த தேதியே கடைசிவரை நிற்கும்.

அரசு கிளினிக்கில் மட்டும் பார்ப்பவர்கள் தாமதமாகப் போய்ப் பெயர் பதிந்தால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும். செலவழிக்க ஒரே ஒரு தனியார் ஸ்கேனுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் எட்டாம் மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். 12 வாரத்தில் எடுத்துவிடுங்கள்.

3. டேப் அளவு என்ன சொல்கிறது

கிளினிக்கில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை டேப் வைத்து அளப்பார்கள். 24 வாரத்துக்குப் பிறகு சென்டிமீட்டர் எண் ஏறக்குறைய வார எண்ணுக்கு ஒத்துப்போகும். பதிவேட்டில் உள்ள வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வருவார்கள்.

தென்னாப்பிரிக்க அரசு கிளினிக்குகளின் எட்டுச் சந்திப்பு முறையில் 20 வாரத்துக்குப் பிறகு 26, 30, 34, 36, 38, 40 என்று வரச் சொல்வார்கள். நடுவில் இரண்டைத் தவறவிட்டால் கோடு உடைந்துபோகும். ஒற்றைப் புள்ளியால் பயனில்லை. புள்ளிகள் 90 கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போகின்றனவா என்பதுதான் கேள்வி.

கோடு மேலே போனால் காரணம் பெரிய குழந்தையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர் மிகுதி, கருப்பைக் கட்டி, தேதிப் பிழை, தாயின் வயிற்றுக் கொழுப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் அடுத்தது ஸ்கேன். வயிறு முன்தள்ளி இருக்கிறது, அகலமாக இருக்கிறது என்று கல்யாண மண்டபத்தில் கூடியவர்கள் சொல்லும் கணிப்புக்கு இதில் இடமே இல்லை.

4. ஸ்கேன் எடையைப் படிக்கும் முறை

ஸ்கேன் இயந்திரம் குழந்தையை எடை போடுவதில்லை. தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றின் அளவுகளை ஒரு சூத்திரத்தில் போட்டு எடையை ஊகிக்கிறது. ஊகத்தின் பிழை இரு பக்கமும் 10 முதல் 15 சதவீதம். குழந்தை பெரிதாக ஆக, பிழையும் கூடும்.

ஒரு கணக்கு: 38 வாரத்தில் ரிப்போர்ட் 4,000 கிராம் என்கிறது. அதில் 15 சதவீதம் 600 கிராம். உண்மையான எடை 3,400-க்கும் 4,600-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 3.4 கிலோ என்றால் சாதாரணக் குழந்தை. 4.6 என்றால் உண்மையிலேயே பெரியது. ரிப்போர்ட் அந்த இரண்டையும் ஒரே எண்ணாக அச்சடித்துக் கொடுக்கிறது.

எடை வரியைவிட உபயோகமான இரண்டு வரிகள் அதே தாளில் இருக்கின்றன. ஒன்று, ஏ.சி. என்று போட்டிருக்கும் வயிற்றுச் சுற்றளவு. தலை அளவு நடுவில் நிற்க, வயிற்றுச் சுற்றளவு மட்டும் 90 கோட்டைத் தாண்டினால் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும். தலை, வயிறு, தொடையெலும்பு மூன்றுமே ஒரே சீராகப் பெரிதாக இருந்தால், பெற்றோர் உயரமானவர்களா என்று பாருங்கள். அது குடும்ப உடல்வாகாக இருக்கலாம்.

இரண்டாவது, பனிக்குட நீரின் அளவு. ஏ.எஃப்.ஐ. என்ற நீர்க் குறியீடு 24 அல்லது 25-ஐத் தாண்டினாலோ, நீர் மிக ஆழமாகத் தேங்கிய ஒற்றை இடத்தின் ஆழம் 8 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ நீர் மிகுதி. அதுவும் சர்க்கரைப் பக்கம் கை காட்டும். நீர் திடீரென்று உடைந்தால் தொப்புள்கொடி நழுவி வரும் ஆபத்தும் இதில் உண்டு. நீர் மிகுதி என்று சொல்லப்பட்டவர் நீர் உடைந்ததும் வலிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். தொப்புள்கொடி வெளியே தெரிந்தாலோ தட்டுப்பட்டாலோ, முழங்காலிட்டு மார்பைத் தரையோடு சாய்த்துப் பின்புறத்தை உயர்த்திய நிலையில் இருந்தபடி ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பதற்றத்தில் வாராவாரம் ஸ்கேன் எடுப்பது வீண். குழந்தை கடைசி வாரங்களில் வாரத்துக்குச் சுமார் 200 கிராம் ஏறுகிறது. ஸ்கேனின் பிழை அதைவிடப் பெரியது. எனவே ஒரு வாரத்தில் 400 கிராம் ஏறியதாகத் தெரிந்தாலும், சற்றும் ஏறாததாகத் தெரிந்தாலும் அதற்குப் பொருளில்லை. வளர்ச்சியைப் பார்க்க இரண்டு ஸ்கேனுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், மூன்று நான்கு என்றால் இன்னும் நல்லது.

5. சர்க்கரைப் பரிசோதனை: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. தாயின் இன்சுலின் போவதில்லை. வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலின் கொழுப்பைத் தோளிலும் உடம்பிலும் சேர்க்கிறது. தலையைவிடத் தோள் அகன்ற குழந்தை உருவாவது இப்படித்தான். ஒரே 4 கிலோ எடையில், சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குத் தலை வெளிவந்த பிறகு தோள் உள்ளே சிக்கும் ஆபத்து மற்றக் குழந்தையைவிட அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அரசு கிளினிக்குகளில் இந்தப் பரிசோதனையை எல்லோருக்கும் செய்வதில்லை. ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கே செய்கிறார்கள். இந்திய வம்சாவளி என்பதே ஓர் ஆபத்துக் காரணிதான். அதோடு குடும்பத்தில் சர்க்கரை, அதிக உடல் எடை, முந்தைய பெரிய குழந்தை, காரணம் தெரியாத இறந்த பிறப்பு என்று ஏதாவது இருந்தால் சிஸ்டரிடம் நீங்களே சொல்லிக் கேளுங்கள். சிறுநீரில் குச்சி நனைத்துப் பார்த்துச் "சர்க்கரை இல்லை" என்று சொன்னால் அது போதாது. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள பலருக்குச் சிறுநீரில் ஒன்றும் தெரியாது. வந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்க்கும் ஒற்றை அளவும் போதாது.

செய்ய வேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை, 24 முதல் 28 வாரத்துக்குள். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் சந்திப்பிலேயே இரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் 24 வாரத்தில் மறுபடி செய்ய வேண்டும்.

முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். "நாளைக்கு டெஸ்ட்" என்று சோற்றை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் முடிவு தவறாகும். முந்தைய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பால் ஊற்றாத டீயும் கூடாது. காலையில் ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மறுபடி இரத்தம்.

அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும், முடிவு பொய்யாகும். வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறொரு நாள் செய்வார்கள். முடிந்ததும் சாப்பிட ஏதாவது கையில் கொண்டுபோங்கள், தலைசுற்றும்.

வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 மில்லிமோல் என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைகள். மூன்றில் ஏதாவது ஒன்று தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. இந்தியாவிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் இந்த எண்களைப் பார்த்து "வெறும் எட்டுத்தானே" என்று விட்டுவிடுவதுண்டு. 18-ஆல் பெருக்கினால் அங்கே பழகிய மில்லிகிராம் கணக்கு வரும்: 92, 180, 153.

28 வாரத்தில் சரியாக வந்த பரிசோதனை 34 வாரத்துக்கும் உத்தரவாதம் ஆகாது. அதற்குப் பிறகு ஸ்கேனில் வயிற்றுச் சுற்றளவு தாண்டியிருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயமே.

6. சர்க்கரை இருந்தால்: மீட்டர், தட்டு, மருந்து

மீட்டர் முதலில். காலையில் வெறும் வயிற்றில் 5.3-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குக் கீழே என்பதே பரவலாகச் சொல்லப்படும் இலக்கு. ஒரு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து எண்ணப்படுகிறது, கை கழுவியதிலிருந்து அல்ல. குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரல் பொய்யாக 12 காட்டும். பட்டைகள் உள்ள குப்பியை உடனே மூடுங்கள். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் திறந்து கிடந்த பட்டை கெட்டுவிடும்.

அளவு அதிகமாக வந்த நாளை எழுதாமல் விடுவது நிறையப் பேர் செய்வது. திட்டுவார்கள் என்ற பயம்தான். அந்த நாளைத்தான் எழுத வேண்டும், பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுத வேண்டும். மருந்தின் அளவை முடிவு செய்வது அந்த வரிகள்தான்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு அல்லது மீன், கோழி, முட்டை, மீதிக் கால் பங்கில் மட்டும் சோறு, ரொட்டி அல்லது பாப் (சோளமாவுக் களி). சோறு, உருளைக்கிழங்குக் கறி, ரொட்டி மூன்றும் ஒரே தட்டில் வந்தால் மூன்றும் மாவுச்சத்துத்தான். சுகர் பீன்ஸ் கறி நல்ல உணவு. ஆனால் அதில் புரதத்தோடு மாவுச்சத்தும் இருக்கிறது, கூட இரண்டு ரொட்டி போதும். கீரை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். மடும்பி கிழங்கு வகை, அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பேக்கரி ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் பன்னி சௌ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால் பன்னி என்பது முழு ரொட்டியில் கால் பங்கு. 700 கிராம் ரொட்டி என்றால் ஏறத்தாழ 175 கிராம், குடைந்தெடுத்த துண்டையும் மேலே வைத்துத்தான் தருகிறார்கள். ஆசை விடவில்லையென்றால் உள்ளே இருக்கும் கறியைச் சாப்பிட்டு, ரொட்டியில் இரண்டு விரல் அகலத்தோடு நிறுத்துங்கள். கூல்டிரிங்கும் பழச்சாறும் அறவே வேண்டாம். "நூறு சதவீதம் பழம்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் ஒன்றுதான்.

"ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடும்மா" என்று மாமியார் இன்னொரு கரண்டி போடும்போது மறுப்பது சங்கடம். டாக்டர் சொன்ன தட்டுப் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், பேச்சு குறையும். கர்ப்பத்துக்கு முன் எடை சரியாக இருந்தவர் மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். எடை கூடுதலாக இருந்தவர் 7 முதல் 11.5. உடற்பருமன் உள்ளவர் 5 முதல் 9 கிலோ போதும். அதற்காகப் பட்டினி கிடக்கவும் கூடாது.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10, 15 நிமிடம் நடங்கள். தசை வேலை செய்யும்போது சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. காலை அரை மணி நேர நடையைவிட இந்தச் சின்ன நடைகள் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவை நன்றாகக் குறைக்கும்.

ஒன்றிரண்டு வாரத்தில் எண்கள் இறங்கவில்லையென்றால் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தருவார்கள். இன்சுலின் என்றதும் "குழந்தைக்கு ஆகாது" என்ற பேச்சு வரும். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் போகிறது. பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர் என்று மருந்தைத் தள்ளிப்போட்ட மூன்று வாரம் குழந்தையின் தோளில் தெரியும்.

7. பிரசவம் எங்கே என்பதை 36 வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள்

மிட்வைஃப்கள் நடத்தும் பிரசவ நிலையம் சாதாரணப் பிரசவத்துக்கு நல்ல இடம். அங்கே அறுவை அரங்கு கிடையாது. குழந்தை பெரிது என்ற சந்தேகம், சர்க்கரை, முந்தைய சிசேரியன், முந்தைய பிரசவத்தில் தோள் சிக்கியது என்று ஏதாவது இருந்தால் பிரசவம் மருத்துவமனையில்தான். சாட்ஸ்வொர்த் பக்கம் ஆர்.கே.கான், பீனிக்ஸ் பக்கம் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை என்று கிளினிக்கே அனுப்பும். அதற்கான ரெஃபரல் கடிதத்தை 36 வாரத்துக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். வலி வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தால் மணிக்கணக்கில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரும்.

வீட்டுச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள்: அரசு ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112. வாரத்துக்கு வாரம் செய்தி வேண்டுமென்றால் சுகாதாரத் துறையின் மாம்கனெக்டில் \*134\*550# அழுத்திப் பதியலாம்.

தனியார் என்றால் மெடிக்கல் எய்டிடம் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) முன்அனுமதி எண் வாங்குங்கள். மயக்க மருத்துவரும் குழந்தை மருத்துவரும் தனித்தனியாகப் பில் போடுவார்கள், அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். கர்ப்பம் தெரிந்த பிறகு புதிதாக மெடிக்கல் எய்டில் சேர்ந்தால் இந்தப் பிரசவத்துக்குக் காப்பீடு கிடைக்காமல் போகலாம். ஏற்கெனவே உள்ள நிலைமைக்கு 12 மாதம்வரை காத்திருப்புக் காலம் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது.

8. காத்திருப்பதா, வலி வரவைப்பதா, சிசேரியனா

தேதி, சர்க்கரை, எடையின் நம்பகம், இடம் நான்கும் தெளிவான பிறகே இந்தப் பேச்சு.

சர்க்கரை இல்லை, கணித்த எடை 4.5 கிலோவுக்குக் கீழே, தலை கீழ்நோக்கி இருக்கிறது என்றால் பெரும்பாலோருக்குக் காத்திருந்து சுகப்பிரசவம் முயல்வதே நியாயமான வழி. இப்படிப்பட்ட பெண்களில் பெரும்பான்மையோர் எந்தச் சிக்கலும் இல்லாமல் பெற்றெடுக்கிறார்கள். "இடுப்பு சின்னது, இறங்காது" என்று வலி தொடங்கும் முன்பே சொல்வதில் பொருளில்லை. தலைக்கும் இடுப்புக்கும் பொருந்துமா என்பது வலியில்தான் தெரியும். வலியில் எலும்புகள் சற்று விரிகின்றன, குழந்தையின் மண்டையோட்டு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்கின்றன.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம், திட்டமிட்ட சிசேரியன் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லும் எல்லை: சர்க்கரை இல்லாதவருக்குக் கணித்த எடை 5 கிலோ, சர்க்கரை உள்ளவருக்கு 4.5 கிலோ. ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள்? 1996-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, சர்க்கரை இல்லாத தாய்மாரில் 4.5 கிலோ கணிப்பை வைத்தே அறுவை செய்தால், தோள் சிக்கி நரம்பு இழுபடுவதால் ஒரு குழந்தைக்கு வரும் நிரந்தரக் கை நரம்புப் பாதிப்பைத் தடுக்க 3,695 சிசேரியன் தேவைப்படும். சர்க்கரை உள்ளவர்களில் 443. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரமே சர்க்கரைப் பரிசோதனை ஏன் எடைக்கு முன்னால் வருகிறது என்பதற்கு விடை.

வலி வரவைப்பது நடுவழி. 2015-இல் வெளியான, 822 பெண்கள் பங்கேற்ற ஐரோப்பிய ஆய்வில், 37, 38 வாரத்தில் வலி வரவைத்தவர்களிடம் தோள் சிக்குவதும் அதையொட்டிய காயங்களும் குறைந்தன. மறுபக்கம், மஞ்சள் காமாலைக்கு விளக்குச் சிகிச்சை தேவைப்பட்ட குழந்தைகள் கூடின. எனவே இது எல்லோருக்கும் பொருந்தும் விடை ஆகாது. சர்க்கரை இல்லாதவருக்கு எடையை மட்டும் காரணம் காட்டி 39 வாரத்துக்கு முன் வலி வரவைப்பதை அமெரிக்கச் சங்கம் ஏற்பதில்லை. மருந்து எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு 38 வாரத்தை ஒட்டியே தேதி குறிப்பது வழக்கம். வலி வரவைக்க மாத்திரை, ஜெல், பலூன், ட்ரிப் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒன்றிரண்டு நாள் ஆகலாம். முதல் நாளே குழந்தை பிறக்காவிட்டால் "ஃபெயில் ஆயிடுச்சு" என்று கலங்க வேண்டாம்.

தனியார் மருத்துவமனைகளில் இந்நாட்டில் சிசேரியன் வீதம் மிக அதிகம். அதனால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "என் சர்க்கரை அளவும் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவும் இப்படி இருக்கும்போது, காத்திருந்தால் எனக்குள்ள ஆபத்து என்ன? அறுவையின் ஆபத்து என்ன? அடுத்த கர்ப்பத்துக்கு அது என்ன செய்யும்?" எடையை மட்டும் காட்டிப் பதில் வந்தால் இன்னொரு மருத்துவரையும் கேட்பதில் தப்பில்லை. எல்லாம் கேட்ட பிறகும் சிசேரியன்தான் வேண்டும் என்று முடிவெடுக்கும் தாய் கோழை ஆகிவிடமாட்டாள். அது அவள் உடம்பு.

9. கடைசி நான்கு வாரம்

இரும்புச்சத்தில் கவனம் வையுங்கள். பெரிய குழந்தையைச் சுமந்து விரிந்த கருப்பை பிரசவத்துக்குப் பின் சரியாகச் சுருங்காமல் இரத்தப்போக்கு கூடலாம். ஹீமோகுளோபின் 11-க்கு மேலே இருந்தால் அந்த இழப்பைத் தாங்கும் வலு இருக்கும். கிளினிக் தரும் இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீயும் கூடாது. இரண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது.

34, 35 வாரத்திலிருந்து பிறப்புறுப்பின் கீழ்ச்சதையைச் சுத்தமான எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடலாம். முதல் பிரசவத்தில் கிழிசலும் தையலும் குறைய இது உதவும்.

குழந்தையின் அசைவு குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும். "பெரிய குழந்தை, உள்ளே இடமில்லை, அதான் அசையவில்லை" என்பது ஆபத்தான பேச்சு. இடம் குறைந்தாலும் அசைவு நிற்கக் கூடாது.

வலி வரவைக்க விளக்கெண்ணெயோ, பக்கத்து வீட்டில் தரும் அளவு தெரியாத மூலிகைக் கஷாயமோ வேண்டாம். கருப்பை கட்டுமீறிச் சுருங்கினால் குழந்தைக்கு மூச்சுத் திணறும், முன்பு சிசேரியன் ஆனவருக்குத் தழும்பே பிரியலாம்.

10. பிரசவ அறையில்

உள்ளே போனதும் சிஸ்டரிடம் மூன்று விவரங்களைச் சொல்லுங்கள்: கணித்த எடை, சர்க்கரை உண்டா இல்லையா, முன்பு தோள் சிக்கியதா. பதிவேட்டில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பணி மாறும்போது புதிதாக வருபவரிடமும் ஒரு தடவை சொல்லுங்கள்.

முன்னேற்றத்தைப் பார்ட்டோகிராம் என்ற வரைபடத்தில் குறிப்பார்கள். தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஐந்தில் எத்தனை பங்கு இடுப்பெலும்புக்கு மேலே தட்டுப்படுகிறது என்று எழுதுவார்கள். கருப்பை வாய் திறந்துகொண்டே போக, அந்த எண் 4-லிருந்து 3, 2 என்று இறங்கினால் நல்ல சகுனம். நல்ல வலி இருந்தும் தலை இறங்காமல், மண்டை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி ஏறி நின்றால் பாதை போதவில்லை. அப்போது செய்யும் சிசேரியன் காரணத்தோடு செய்வது. மல்லாந்தே படுத்திராமல் நடப்பது, பக்கவாட்டில் படுப்பது, முழங்காலிட்டுக் கையூன்றுவது எல்லாம் இடுப்பு வாயை விரிக்க உதவும்.

தோள் சிக்கினால் என்ன நடக்கும் என்று கூட வருபவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தலை வெளியே வந்துவிட்டு, ஆமைத் தலை உள்ளிழுப்பதுபோல் திரும்ப ஒட்டிக்கொள்ளும். மணி அடிப்பார்கள், நாலைந்து பேர் ஓடி வருவார்கள். முக்குவதை நிறுத்தச் சொல்வார்கள். தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்குவார்கள். ஒருவர் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கையால் அழுத்துவார். பெரும்பாலும் இவ்வளவிலேயே தோள் விடுபடும். விடாவிட்டால் உள்ளே கைவிட்டுப் பின்பக்கக் கையை முதலில் எடுப்பார்கள், அல்லது தாயை முழங்காலிட்டுக் கையூன்றச் சொல்வார்கள்.

வயிற்றின் உச்சியில் அழுத்துவது கூடாது. உதவுகிறேன் என்று உறவினர் அங்கே கை வைத்தால் சிக்கிய தோள் இன்னும் இறுகும், கருப்பை கிழியவும் கூடும்.

தோள் சிக்கும் பிரசவங்களில் ஏறத்தாழப் பாதி, 4 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கே நடக்கின்றன. எனவே எடை எவ்வளவாக இருந்தாலும் பிரசவ அறை இதற்குப் பழகியிருக்க வேண்டும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது இரவிலும் மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் உண்டா என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

11. பிறந்த முதல் நாள்

குழந்தை வந்ததும் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தால், மயக்கம் வந்தால் உடனே கூப்பிடுங்கள். "முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்று காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்தவுடன் சர்க்கரை இறங்கும். கொடி அறுந்ததும் தாயின் சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் சில மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். குதிகாலில் குத்திப் பார்ப்பார்கள், 2.6-க்குக் கீழே போகவிடமாட்டார்கள். இதைத் தடுக்கும் எளிய வழி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை, தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். குழந்தை குண்டாக இருக்கிறது, பசி தாங்கும் என்று நினைப்பது தவறு.

சேனை (சர்க்கரைத் தண்ணீரோ தேனோ) தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் அதைப் பெயருக்கு உதட்டில் சீம்பால் தொட்டு முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைத் தண்ணீர் குழந்தையின் இன்சுலினை மறுபடி தூண்டும். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது, அதில் வரும் கிருமி நச்சு பச்சைக் குழந்தையை முடக்கும்.

இரண்டு கைகளும் ஒரே மாதிரி அசைகின்றனவா என்று பாருங்கள். ஒரு கை துவண்டு உடம்போடு கிடந்தாலோ, தோளெலும்பைத் தொட்டால் குழந்தை அழுதாலோ வீட்டுக்குக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்பு இழுபட்டதால் வரும் பலவீனம் பெரும்பாலும் தானாகச் சரியாகும். எண்ணெய் போட்டு உருவி இழுத்துச் சரிசெய்யப் பார்ப்பது நரம்பை இன்னும் கெடுக்கும். மூன்று மாதத்தில் முழங்கையை மடக்க வரவில்லையென்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் தாளில் பிறப்பு எடை, தோள் சிக்கியதா, எந்த முறையில் விடுவித்தார்கள், கிழிசல் எந்த அளவு என்று எழுதச் சொல்லுங்கள். தோள் ஒரு முறை சிக்கியவருக்கு மறுமுறையும் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அடுத்த டாக்டருக்கு இந்த ஒரு வரி வேண்டும்.

12. ஆறாவது வாரம்

குழந்தை பிறந்ததும் மீட்டரை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த தாய் 6 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். இப்போது எல்லை வேறு: வெறும் வயிற்றில் 7.0, இரண்டு மணி நேரத்தில் 11.1 தொட்டால் அது நிரந்தரச் சர்க்கரை நோய். சரியாக வந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் கிளினிக் போகிறீர்கள். அன்றைக்கே வெறும் வயிற்றோடு போகலாமா, குளுக்கோஸ் பரிசோதனையை அங்கே செய்வார்களா என்று முந்தைய வாரமே சிஸ்டரிடம் கேட்டு வையுங்கள். இரண்டு மணி நேரம் நீங்கள் நடமாடக் கூடாது என்பதால் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒருவரைக் கூட்டிப்போங்கள். பால் கொடுக்கத் தடையில்லை.